நூறு பிள்ளைகள் அலமாரி

மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்துச் சீன மருந்துக் கடை அது. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இழுப்பறைகள்தான். சுவர் முழுக்க, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல், கருத்துப்போன மரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பித்தளை வளையம், சுற்றிச் சீன எழுத்து. சின்சே, அதாவது சீன வைத்தியர், அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. கை தானாகப் போகிறது, வளையத்தை இழுக்கிறது, ஒரு பிடி அள்ளுகிறது, முழங்கையால் இடித்து மூடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் அஞ்சறைப் பெட்டியைக் கையாள்வது போல.

அந்த அலமாரிக்குக் கண்டோனீஸில் 'பாக் சீ குவாய்' என்று பெயர். 'பாக்' என்றால் நூறு. 'சீ' என்ற எழுத்துக்குப் பிள்ளை என்றும் பொருள், விதை என்றும் பொருள். எழுத்துக்கு எழுத்து பிரித்துப் படித்தால் நூறு பிள்ளைகள் அலமாரி. இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் திரும்பி நடந்திருப்பேனோ என்னவோ. நான் போனதே ஒரே ஒரு பிள்ளைக்காக.

அது 2018. கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் என் மனைவியின் ரத்தத்தை எத்தனை தடவை எடுத்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே முடிந்து வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு குறையும் இல்லை. அம்மா கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பெரியம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் சொல்லி ஏதோ லேகியம் வரவழைத்தார். அதுவும் அவளுக்குத்தான். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதில் மரத்தைச் சுற்றுகிறவள் பெண்தான். 'மலடி' என்ற சொல்லை நான் எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறேன். 'மலடன்' அகராதியில் இருக்கிறது. யாரும் யாரையும் அப்படிச் சொல்லி ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை.

"நீங்களும் ஒரு தடவை செக் பண்ணிப் பார்த்தா என்ன?" என்று அவள்தான் ஒரு ராத்திரி கேட்டாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 60 லட்சம் உயிரணு. முன்னோக்கி நகர்பவை 21 சதவீதம். பக்கத்திலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் அச்சாகியிருந்தது: ஒன்றரைக் கோடி, 32 சதவீதம். (2021இல் வந்த புதிய கையேட்டில் இது ஒரு கோடியே 60 லட்சம், 30 சதவீதம்.) இந்த அளவுகோல் எப்படி வந்தது என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. முயற்சி செய்த 12 மாதத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதம் எங்கே நிற்கிறதோ அங்கே போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தாள் தீர்ப்பு மாதிரி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் உறையை நீட்டி, "டாக்டர் ஐவிஎஃப் பார்க்கச் சொல்றார்" என்றார். டாக்டரை நான் பார்க்கவே இல்லை. என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

நான் வேலை பார்ப்பது ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவு. எங்கள் ஃபோர்மேன் ஹக்காச் சீனர். முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, வாயைக் கிண்டி விஷயத்தை வாங்கிவிட்டார். "எங்க சின்சேகிட்ட போ" என்றார். அவருடைய இரண்டாவது பையன் சின்சே கொடுத்த மருந்தில் பிறந்த பிள்ளை என்று தொழிற்சாலை முழுக்கத் தெரியும், அவரே சொல்லிக்கொண்டு திரிவார்.

எனக்கும் சீன மருந்து அன்னியமில்லை. பேராக்கில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் அன்னியமில்லை. தோட்டத்தில் இருந்தபோது வயிற்றுப்போக்கு என்றால் பாட்டி சீன மருந்துக் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார். சின்னக் குப்பியில் கடுகு போல உருண்டை உருண்டையாக மாத்திரை வரும். ஈப்போவிலிருந்து கம்பார் போகும் வழியில் கோப்பெங் இருக்கிறது. இன்றைக்குப் பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் யூ யான் சாங் 1879இல் அங்கேதான் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது. ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், வேலை செய்த சீனக் கூலிகள் எல்லா வலிக்கும் அபினையே மருந்தாகப் பிடித்திருந்த காலம். அவர்களுக்கு மூலிகை கொடுக்க யூ கோங் போட்ட கடை அது. இந்தப் பள்ளத்தாக்கில் கூலிகளின் உடம்போடு சேர்ந்து வளர்ந்த மருத்துவம் என்று சொல்லலாம்.

சின்சேக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், மடித்து ஓரமாக வைத்தார். இடது கையைக் கேட்டார், பிறகு வலது கை. மணிக்கட்டில் மூன்று விரல். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், வாதம் பித்தம் கபம் பார்ப்பார். இவர்கள் கணக்கில் ஒவ்வொரு விரலுக்கும் கீழே வேறு வேறு உறுப்பு. முழங்கைப் பக்கமாக இருக்கும் மூன்றாவது விரலுக்கடியில் சிறுநீரகம். அங்கே கொஞ்சம் அதிகமாக அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு கேள்விகள், எல்லாம் மலாயில். ராத்திரி எத்தனை தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறாய்? இடுப்பு வலிக்குமா? பாதம் ஜில்லென்று இருக்குமா? எந்த ஷிஃப்ட்? வேலை செய்யும் இடம் சூடா? தூக்கம்? கையுறை வார்ப்புகள் வரிசையாக அடுப்புக்குள் போய்வரும் இடத்தில்தான் எனக்குப் பாதி வேலை என்றேன். உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக, "பாரு பாரு இனி, அடா டெமாம்?" சமீபத்தில் காய்ச்சல் இருந்ததா?

இருந்தது. பரிசோதனைக்கு ஐந்து வாரம் முன்னால் டெங்கி வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சொன்னேன். அவர் சீட்டில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டார். "நூறு நாள்" என்றார். "அதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் பார்க்காதே."

அவர் கொடுத்த மருந்துக்கு அடிப்படை 'வூ ஸி யான் ஸோங்' என்ற பழைய கூட்டு. ஐந்து விதைகளால் வம்சத்தை நீட்டிப்பது என்று அர்த்தம். மிங் காலத்து மருத்துவ நூல்களில் இருக்கிறது, இன்றும் சீன அரசின் மருந்து நூலில் இருக்கிறது. விதைக்கும் பிள்ளைக்கும் ஒரே எழுத்து என்பதால், விதை தின்றால் பிள்ளை வரும் என்ற எண்ணம் இந்த மருந்தின் பெயரிலேயே ஊறிக் கிடக்கிறது. நமக்கும் இது புதிதில்லை. வித்து என்றால் விதையும்தான், வம்சமும்தான். முருங்கை விதையையும் பூனைக்காலி விதையையும் பாலில் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறவர்களின் மனசில் ஓடுவதும் இதே கணக்குதான்.

ஐந்தில் ஒன்று கோஜி, சூப்பில் மிதக்குமே அந்தச் சிவப்புப் பழம். 'வீட்டை விட்டு ஆயிரம் காதம் போகிறவன் இதைத் தின்னாதே' என்று சீனத்தில் ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. மனைவி பக்கத்தில் இல்லாதபோது எதற்கு வம்பு என்று. இரண்டாவது, வேரும் இலையும் இல்லாமல் மற்றச் செடிகள் மேல் மஞ்சள் நூல் போலப் படர்ந்து அவற்றை உறிஞ்சியே வாழும் கொடியின் விதை. ஒட்டுண்ணியிடம் போய்ப் பிள்ளை வரம் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது ஒருவகை ராஸ்ப்பெரி. அதன் சீனப் பெயருக்குக் 'கவிழ்த்த பாத்திரம்' என்று பொருள். இதைத் தின்றால் ராத்திரியில் மூத்திரச் சட்டியைக் கவிழ்த்தே வைத்துவிடலாம் என்பதால் வந்த பெயராம். நான்காவது ஐஞ்சுவைக் கனி. ஐந்தாவது நம் இசப்கோலின் சீனத்துப் பங்காளி. இவற்றோடு என் நாடிக்கும் நாக்குக்கும் ஏற்றபடி இன்னும் நாலைந்து வேர்களைச் சேர்த்தார்.

நிறுத்தது ஒரு கைத்தராசில். எலும்புக் கோல், அதில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள், ஒரு பக்கம் பித்தளைத் தட்டு. வெள்ளைத் தாளை மேசையில் ஏழு இடத்தில் விரித்து, ஏழு நாளுக்கும் பங்கு போட்டார். மூன்று மங்கு தண்ணீர் ஊற்றி எட்டில் ஒரு பங்காக வற்ற வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். ஒரு மங்கில் பத்துக்கு எட்டு பங்கு. மண்சட்டியில்தான், இரும்பில் கூடாது. பொட்டலம் ஒவ்வொன்றின் மேலும் கசப்புக்கு ஆறுதலாக ஒரு உலர்ந்த பிளம்.

வீடு முழுக்க மழை நனைத்த மரக்கட்டையும் அதிமதுரமும் சேர்ந்த ஒரு வாசனை. பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். எனக்கு என்றேன். அம்மா அடுப்படிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் என் வாயிலிருந்து அந்தப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி அம்மா லேகிய டப்பாவை எடுத்து அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார். எதுவும் பேசவில்லை.

ஆகஸ்டில் மறுபரிசோதனை. ஒரு கோடியே 30 லட்சம். நகர்வு 29 சதவீதம். இரட்டிப்புக்கும் மேல்! ஃபோர்மேனுக்கு அன்று மதியச் சாப்பாடு என் செலவு. சின்சேயிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "நல்லது, இன்னும் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் ஒரு சிறுநீரியல் (யூராலஜி) டாக்டர். மனைவி பிடிவாதமாக அழைத்துப் போனாள். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: முதல் பரிசோதனைக்கு முன்னால் காய்ச்சல் ஏதும் வந்ததா? உயிரணு ஒன்று விரைக்குள் உருவாகி முடிய எழுபது நாளுக்குப் பக்கம் ஆகும். வெளியே வரும் குழாயில் முதிர இன்னும் சில நாள். ஆக மொத்தம் மூன்று மாதம். கடுமையான காய்ச்சல் அடித்தால் அப்போது உருவாகிக்கொண்டிருந்த கூட்டம் அடிபடும், எண்ணிக்கை சில வாரம் கழித்துச் சரியும், பிறகு தானே ஏறும். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சிக்காகத்தான். "உங்களுக்கு ஏறினது மருந்தாலயா, டெங்கி விலகினதாலயான்னு இந்த ரெண்டு தாளை வச்சு யாராலும் சொல்ல முடியாது" என்றார். டெங்கியே வராதவனுக்கும் இந்த எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் தாறுமாறாக ஏறி இறங்குமாம். அதனால்தான் ஒரு பரிசோதனையை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்கிறார்கள்.

சின்சே சொன்ன நூறு நாளும் இந்த மூன்று மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கில் ஆணின் ஆயுளை எட்டெட்டு வருஷமாகப் பிரித்திருக்கிறார்கள்: பதினாறில் விந்து நிறைந்து வழியும், முப்பத்திரண்டில் உடம்பு உச்சத்தில், நாற்பதில் சிறுநீரகச் சக்தி குறைய ஆரம்பித்து முடி உதிரும், அறுபத்து நாலில் பல்லும் முடியும் போகும். எனக்கு அப்போது முப்பத்து நாலு. அந்தச் 'சிறுநீரகம்' நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு இல்லை. பிறவியிலேயே கொண்டுவந்த சாரத்தைச் சேர்த்து வைக்கும் பண்டகசாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் என்னை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் நாளங்கள் புடைத்திருந்தன. வேரிகோசீல். ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இது இருக்கிறது, குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் நூற்றுக்கு 35க்கு மேல். பெரும்பாலும் இடது பக்கம்தான். இடது விரையின் நாளம் நேராகப் பெருநாளத்தில் சேராமல், மேலே ஏறி இடது சிறுநீரகத்தின் நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேருவதால் ரத்தம் திரும்பத் தேங்குகிறது. சின்சேயின் சிறுநீரகமும் டாக்டரின் சிறுநீரகமும் இந்த ஒரு முனையில் தற்செயலாக முட்டிக்கொண்டன என்று எனக்கு ஒரு சிரிப்பு. நாடியில் எதுவும் தெரிந்திருக்காது, கையால் தொட்டால்தான் தெரியும். முதலில் ரிப்போர்ட் கொடுத்த இடத்திலும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன், ஷிஃப்ட் இடைவேளைகளில், போனில். ஐந்து விதைக் கூட்டைப் பற்றிச் சீனாவில் ஏராளமான ஆய்வுகள் உண்டு. எண்ணிக்கை ஏறியது, நகர்வு கூடியது என்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். மருந்து மாதிரியே தோன்றும் வெற்றுப் பொடியைச் சரிபாதிப் பேருக்குக் கொடுத்து ஒப்பிட்டவை குறைவு. பலவற்றில் கடைசிக் கேள்வி தாளில் எண் ஏறியதா என்பதோடு நின்றுவிடுகிறது, தொட்டிலில் பிள்ளை வந்ததா என்பது வரைக்கும் போவதில்லை. என் இரண்டு தாள் கதையை நூறு பேருக்குப் பெருக்கினால் வருவது போன்ற ஆதாரம். இங்கிலீஷ் வைத்தியம் மட்டும் யோக்கியமா என்றால், ஆண்களுக்கென்று டப்பாவில் விற்கிறார்களே துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், அதை அமெரிக்காவில் 2370 தம்பதிகளிடம் முறையாகச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட பக்கம் 34 சதவீதம் பிரசவம், வெற்று மாத்திரைப் பக்கம் 35 சதவீதம். அந்த டப்பாவுக்கும் நான் மாதம் நூறு வெள்ளிக்கு மேல் அழுதிருக்கிறேன்.

என்னை அதிரவைத்தது வேறு. சீனத்துத் தாவரங்கள் ஆணின் விந்தணுவை நிச்சயமாக மாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இறக்கும் திசையில். சீனக் கிராமம் ஒன்றில் ஒரு காலத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளையே பிறக்கவில்லை. தேடிப் பார்த்தால் காரணம் சமையல் எண்ணெய்: வறுக்காமல் ஆட்டிய பருத்திக்கொட்டை எண்ணெய். அதிலுள்ள காசிபால் என்ற பொருளை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்க 1970களில் 8000க்கு மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். வேலை செய்தது, ரொம்பவே. சிலருக்குப் பொட்டாசியம் இறங்கிக் கைகால் விழுந்தது, சிலருக்கு நிறுத்திய பிறகும் உயிரணு திரும்பவில்லை. கைவிட்டுவிட்டார்கள். அடுத்தது 'லெய் கோங் தெங்', இடிதேவன் கொடி. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. 1980களில் அதைச் சாப்பிட்ட ஆண்களுக்கு உயிரணு சரிவதைக் கவனித்தார்கள். 2021இல் அதிலிருந்து பிரித்த ஒரு பொருளை எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துக் கருத்தடைக்குப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவரையும் நம்பாதீர்கள். பிள்ளைக்காக ஒரு கடையில் பொட்டலம் வாங்கிக்கொண்டே, முழங்கால் வலிக்கு இன்னொரு கடையில் இடிதேவன் கொடி வாங்கிச் சாப்பிடுகிறவர் இருக்கக்கூடும். முடி கருக்கவும் வீரியத்துக்கும் கேட்டு வாங்கும் 'ஹோ ஷோ வூ' ஈரலைக் கெடுத்த கேஸ்கள் நிறைய. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் போனது. பெயர் ஒத்த இரண்டு வேர்களை மாற்றிப் போட்டதால் வந்த வினை. என் சின்சே சீட்டு எழுதிக் கொடுத்தார், அதைக் கிளினிக்கில் காட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டேன். டப்பாவில் வரும் மருந்தென்றால் மலேசியாவில் எம்ஏஎல் பதிவெண் இருக்கும், கடைசியில் 'டி' என்ற எழுத்து. பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துக் கொடுக்கும் எண் அது. பலன் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆண்களுக்கான காப்பிப் பொட்டலங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வருஷம் வெட்கத்தில் அதையும் ஒரு பெட்டி வாங்கினேன், இணையத்தில். முகம் ஜிவுஜிவு என்று சிவந்து ரெண்டு மணி நேரம் தலைவலி. இந்த மாதிரிப் பொட்டலங்களில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவிக்கிறது. அதைவிட முக்கியம், அது வேறு வியாதிக்கு வேறு மருந்து. எனக்குப் படுக்கையில் ஒரு குறையும் இல்லை. அதில் குறையில்லாதவனுக்கு உயிரணுவில் குறை இருக்காது என்று நானும் நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஜிம்முக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கும் இதே குழப்பம். ஊசி உள்ளே போனதும் மூளை, 'வெளியிலிருந்தே வருகிறது, நாம் எதற்கு' என்று விரைக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். புஜம் ஏறும், உயிரணு பூஜ்யத்துக்குப் போகும்.

2019 தொடக்கத்தில் வேரிகோசீலுக்கு அறுவை செய்துகொண்டேன். அடுப்பு வரிசையிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கினேன். ஆறு மாதத்தில் ஒரு கோடியே 90 லட்சம். அப்படியும் கரு தரிக்கவில்லை. பிறகு கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் ஒரு வருஷம் நின்றது. 2021இல் ஈபிஎஃப் பணத்தை எடுத்து, ஒரு உயிரணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறைக்குப் போனோம். முதல் தடவை தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. மகள் பிறந்தது 2022இல். அம்மா முருகனுக்குப் பால்குடம் எடுத்தார். ஃபோர்மேன் சின்சேதான் என்கிறார், இன்றும். நான் மறுப்பதில்லை, அவர் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கடைக்குப் போனேன். சின்சே பிளம் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தார். பிறகு தன் மூன்று விரலை அவள் மணிக்கட்டில் வைத்தார். அவள் சிரித்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

போன மாதம் சித்தி மகன் சிரம்பானிலிருந்து கூப்பிட்டான். கல்யாணமாகி மூன்று வருஷம். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "அண்ணே, அந்த ஈப்போ சின்சே அட்ரஸ் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்றான். அவன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவளுக்கு அடுத்த வாரம் கருக்குழாய் எக்ஸ்ரேயாம்.

"நீ செக் பண்ணியா?"

"எனக்கென்னண்ணே, நான் நல்லாதானே இருக்கேன்."

"அட்ரஸ் அனுப்புறேன். அந்த எக்ஸ்ரேயை ஒரு மாசம் தள்ளிப் போடு, முதல்ல நீ போய்க் கொடு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"டேய், கடைசியா உனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு?"